பன்னிரண்டாவது மரக்கால்

தங்கத் தட்டில் தின்று சலித்தவருக்கு மண்சட்டி மேல் ஆசை வருவது உலகத்தில் உள்ளதுதான். பீக்கிங்கில் இருந்த பேரரசருக்கு வந்த ஆசை அதையும் தாண்டியது. பார்க்க மரம் மாதிரியே இருக்க வேண்டும், மரமாக மட்டும் இருந்துவிடக் கூடாது. மூங்கில் கூடை மாதிரி பீங்கான், வேர்க்கடலை மாதிரி பீங்கான், துருவேறிய இரும்பு மாதிரி பீங்கான் என்று ஜிங்தேஜென் ஊரிலிருந்த அரண்மனைப் பட்டறைக்கு ஆணை மேல் ஆணை வந்துகொண்டிருந்தது. நிஜ வேர்க்கடலை கடைத்தெருவில் மடி நிறையக் கிடைத்தது. அதைப் பேரரசர் ஏன் சீண்டப் போகிறார்.

அந்த வருஷத்து ஆணை பன்னிரண்டு மரக்கால். அரிசி அளக்கிற மரக்கால்தான். பலகை பலகையாகச் சேர்த்து மேலேயும் கீழேயும் மூங்கில் வளையம் மாட்டி, எந்த வீட்டுச் சமையல்கட்டிலும் மூலையில் கிடக்குமே, அது. விருந்தாளி அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டும், பிறகு கையில் எடுத்துத் திடுக்கிட வேண்டும். அரண்மனையில் அவ்வளவுதான் விளையாட்டு.

வேலை போச்சினிடம் வந்தது. இருபத்தாறு வயது, ஒல்லி, பேச்சு குறைவு. பட்டறையில் பூ வரைகிறவன் பூ மட்டும் வரைவான், கோடு போடுகிறவன் கோடு மட்டும் போடுவான், அடியில் முத்திரை எழுதுகிறவன் வாழ்நாள் முழுக்க முத்திரையே எழுதுவான். போச்சின் மட்டும் எதிலும் சேராதவன். கல், மரம், துரு, பாசி என்று யாரும் விரும்பாத வேலைகளையெல்லாம் அவன் தலையில் கட்டியிருந்தார்கள். அவனுக்கு நிறம் அரைத்துக் கொடுத்தவள் அவனுடைய அக்கா ஆஷியு. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். அவனுக்காகவே இரண்டு சம்பந்தங்களைத் தட்டிக் கழித்தாள். அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

பன்னிரண்டு மரக்காலுக்கும் பன்னிரண்டு விதமான மரவரி போட்டான் போச்சின். ஒன்று கற்பூர மரம், ஒன்று பைன், ஒன்று ஈரத்தில் கிடந்து கறுத்த பலகை. கடைசி மரக்காலுக்கு வந்தபோது தன் வீட்டுக் கதவையே பார்த்து வரைந்தான். அந்தக் கதவின் நடுப்பலகையில் ஒரு கணு உண்டு, கணுவின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அந்த வெடிப்புக்கான கறுப்பை ஆஷியு மூன்று நாள் அரைத்தாள். இரண்டாம் முறை சுட்டு வெளியே வந்த பாத்திரத்தை அவளிடம் காட்டி, "தொடு அக்கா, சிராய் குத்தும்" என்றான். அவளும் ஏமாந்து விரலை இழுத்துக்கொண்டாள். அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆறு நாள் கழித்து அந்தப் பன்னிரண்டாவது மரக்காலைக் காணோம்.

பன்னிரண்டும் நிறம் பூசுகிற பூச்சறையின் பலகையில் வரிசையாக இருந்தன, முத்திரை எழுதுகிறவனுக்காகக் காத்துக்கொண்டு. மறுநாள் எண்ணினால் பதினொன்று. பட்டறை மேற்பார்வையாளர் லே குதித்தார். லே திங்ஷுன் என்பது முழுப்பெயர். தலைநகரிலிருந்து வந்தவர், நாற்பதைத் தாண்டியவர், மூக்கின் மேல் கோபம். பீங்கானை நகத்தால் சுண்டி ஓசையைக் கேட்டே எந்த உலை, எந்த மண் என்று சொல்லிவிடுவதாகப் பெருமை அடித்துக்கொள்வார். தன்னை எந்தப் பாத்திரமும் ஏமாற்றியதில்லை என்று விருந்துக்கு விருந்து சொல்வார். பாவம், அவர் சுண்டாத பாத்திரங்களைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

லே யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு குவளை தேநீர் ஆறுகிற நேரம்கூட இல்லை. மரக்காலைச் செய்தவன் போச்சின், அதை வெளியே கொண்டுபோனால் யாரும் பீங்கான் என்று சந்தேகப்பட மாட்டார்கள், ஆகவே அவன்தான் அரிசிப்பையோடு அரிசிப்பையாக அதைக் கடத்தியிருக்கிறான் என்று முடிவு கட்டினார். வீட்டைச் சோதித்தார்கள். அடுப்பைப் பிரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவன் விற்றுவிட்டதற்குச் சாட்சியாகிவிட்டது. முன்முற்றத்தில் குப்புறப் படுக்கவைத்து, தண்ணீரில் ஊறிய கனத்த மூங்கிலால் நாற்பது அடி. எண்ணிக்கை சொன்னவர் லேயே. முப்பதுக்கு மேல் போச்சின் கத்தவில்லை.

நான்காம் நாள் விடிந்து அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் அவன் செத்தான். நான்கு நாளும் குப்புறவே கிடந்தான். கடைசியாகக் கேட்டது தண்ணீர்கூட இல்லை. "நான் எடுக்கலக்கா, நீயாச்சும் நம்புறியா?" என்று கேட்டான். அவள் நம்புகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் கேட்கிற சக்தி போய்விட்டது. அந்தப் பாதி வார்த்தை அவள் தொண்டையில் அப்படியே நின்றுபோனது.

பட்டறைப் பதிவில் போச்சின் ஓடிப்போனவன் என்று எழுதிவைத்தார் லே. அடித்தே கொன்றதாக எழுதினால் மேலிடத்தில் கேள்வி வரும். திருடன், அதுவும் ஓடிப்போன திருடன் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பதினொரு மரக்காலும் தலைநகருக்குப் போயின. அந்த வரியையும் நிறத்தையும் கண்டுபிடித்தது தானே என்று லே கூடவே ஒரு கடிதம் அனுப்பினார். அரண்மனையிலிருந்து அவருக்கு இரண்டு பட்டுச் சுருள் பரிசாக வந்தது.

ஆஷியு வேலைக்குத் திரும்பினாள். திருடன் வீட்டுப் பெண் என்று எட்ட நின்றே பேசினார்கள், ஆனால் அவளைப்போல் நிறம் அரைக்க ஆள் இல்லை. குழவியைச் சுற்றும்போதெல்லாம் அவள் மனசுக்குள் ஒரே கணக்கு ஓடியது. அதே முற்றம், அதே மூங்கில், அதே நாற்பது. லே அங்கே குப்புறக் கிடக்க வேண்டும். அதைப் பார்க்காமல் சாகப்போவதில்லை என்று அவள் முடிவு செய்தாள். எப்படி என்றுதான் தெரியவில்லை. நிறம் அரைக்கிற பெண்பிள்ளை அரண்மனை அதிகாரியை என்ன செய்துவிட முடியும்? விஷம் வைக்கலாம். ஆனால் விஷத்தில் செத்தால் லே நல்லவராகவே செத்துப்போவார், தம்பி திருடனாகவே மண்ணுக்குள் கிடப்பான். அது அவளுக்குப் போதாது.

குளிர்காலத்தில் ஒரு பகல், குழவி கழுவச் சூடான கஞ்சித்தண்ணீர் கேட்டுப் பட்டறைச் சமையல்கட்டுக்குப் போனாள். சமையல்காரர் ஃபாங் இருநூறு பேருக்குச் சோறு வடிக்கிற மனிதர், தொப்பையும் பயமும் சம அளவில் உள்ளவர். அரிசியைத் தொட்டியில் கொட்டிவிட்டு மரக்காலைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்தார். ஆஷியு அதைப் பார்த்தபடி நின்றாள். மரம் தண்ணீர் பட்டால் கறுக்கும், இது கறுக்கவில்லை. நீர் துளித்துளியாக அதன் மேல் நின்று, பிறகு உருண்டு விழுந்தது. பொழுதெல்லாம் நிறத்தையே பார்த்துப் பழகின கண். கிட்டே போய்ப் பார்த்தாள். நடுப்பலகையில் ஒரு கணு, கணுவின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஃபாங் பதறி ஓடிவந்தார். இது எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்ட மாதிரியிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுறாதம்மா. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார்.

"எடுத்தது நீங்களாண்ணே?"

"நானா? ஐயோ, நான் பூச்சறைப் பக்கமே போனதில்ல. லே ஐயாதான் அவர் கையாலயே கொண்டாந்து வீசினாரு. பேரரசர் சாமானுக்கு நடுவுல எந்தச் சோம்பேறி சமையல்கட்டு மரக்கால வச்சது, இன்னொரு தடவ பாத்தேன்னா உன் தோலை உரிச்சுடுவேன்னு என்னையில்ல கத்தினாரு. நான் என்னத்தக் கண்டேன்? நல்ல மரக்கால்னு வச்சுக்கிட்டேன்."

அது பீங்கான் என்று அவருக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டாள். போச்சினை அடித்த அன்றைக்குச் சாயங்காலம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கனம் ஒரு மாதிரியாக இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் விளிம்பை உற்றுப் பார்த்தாராம். அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் பேரரசர் பாத்திரத்தில் அரிசி அளந்ததற்குத் தன் கழுத்துதான் போகும் என்று பேசாமல் இருந்துவிட்டாராம். ஒளித்துவைத்தால் சந்தேகம் வரும் என்று அதிலேயே தினமும் அளந்துகொண்டிருந்தார். கண்ணீர் விட்டார். ஆஷியுவுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இருந்த கோபம் முழுவதும் ஒரே ஆளுக்குத் தேவைப்பட்டது.

அவள் அந்த மரக்காலை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். தம்பி இதைத் திருடவில்லை. இதைத் தூக்கி வெளியே போட்டது எந்தப் பாத்திரமும் தன்னை ஏமாற்றியதில்லை என்று மார்தட்டிய மகராசன். அவருடைய நகம் இதைச் சுண்டவேயில்லை. சமையல்கட்டுச் சாமானைச் சுண்டிப் பார்க்க அவருக்கென்ன தலையெழுத்தா. போச்சினின் கைவேலை அவ்வளவு சரியாக அமைந்துபோனதால் போச்சின் செத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஃபாங் பயந்துபோய்ப் பார்த்தார்.

இதை அப்படியே தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். திருடன் ஒளித்துவைத்ததை அக்காள்காரி கொண்டுவந்தாள் என்பார் லே. ஃபாங் சாட்சி சொல்ல மாட்டார், சொன்னாலும் சமையல்காரன் பேச்சு எந்தச் சபையில் ஏறும்? லேயின் வாயிலிருந்தே வர வேண்டும். அவர் கையாலேயே நடக்க வேண்டும். அதற்கு அவள் வசந்தம் வரை காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் புதிதில்லை. ஒரு கறுப்பை மூன்று நாள் அரைக்கிறவள் அவள்.

வசந்தத்தில் முதல் உலை மூட்டுகிற நாளில் பட்டறைக்கு மேலே உள்ள ஆணையர் ஆற்று வழியாகப் படகில் வந்து சேருவார். உலைத்தெய்வத்தின் கோயிலில் பூசை. சமையல்கட்டிலேயே நல்லதாக உள்ள மரக்காலில் அரிசியை நிரப்பி, அதில் ஊதுபத்தியைக் குத்தி, மேற்பார்வையாளர் தன் கையால் தெய்வத்தின் முன் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு உலைத்தலைவர் மூன்று தரம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார், யாருக்காவது மனக்குறை உண்டா என்று. குறையை உள்ளே வைத்துக்கொண்டு மூட்டிய உலையில் பாத்திரம் வெடிக்கும் என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கை. வேலைக்காரன் குறை சொன்னால் அதிகாரி கேட்டே ஆக வேண்டும், கேட்காமல் தீ வைக்க மாட்டார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை என்பது வேறு விஷயம். சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு வர வேண்டுமே.

பூசைக்கு அந்த மரக்காலை அனுப்பச் சொல்லி ஃபாங்கிடம் கேட்டாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார், முடியாது என்றார்.

"நீங்க ஒரு மரக்கால் அனுப்புறீங்க. அவ்வளவுதாண்ணே. அது என்னன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் குடுத்த மரக்கால்தானே? அவருக்கே திருப்பிக் குடுக்குறீங்க" என்றாள்.

அவர் அனுப்பினார். அனுப்புவதற்கு முன் அவள் ஒரு தரம் போய் அதன் கணுவைத் தடவிப் பார்த்தாள். தம்பியின் கைபட்டதில் அவளுக்கென்று மிச்சமிருந்தது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் பீக்கிங்கில். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு, நினைத்தபோது எடுத்துப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம் என்று ஆசையாக இருந்தது. தான் நினைத்திருப்பது நடந்தால் இது சாயங்காலம் முழுசாக இருக்காது என்றும் தெரியும். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குக் கோயில் முற்றம் நிறைந்திருந்தது. உலை மூட்டுகிற நாளில் பெண்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, ஆகவே ஆஷியு படிக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஆணையர் வயதானவர், கண்பார்வை கூர்மை, பேச்சு நிதானம். வந்ததிலிருந்தே லேயிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தது பன்னிரண்டாவதைப் பற்றித்தான். பதினொன்றை வைத்துக்கொண்டு பேரரசருக்கு மனசு ஆறவில்லையாம், ஜோடி சேராமல் நிற்கிறதாம். செய்துவிடலாம் ஐயா, என் வித்தைதானே என்று லே குழைந்துகொண்டிருந்தார். பிறகு அரிசி நிரம்பிய மரக்காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்த் தெய்வத்தின் முன் வைத்தார். அவர் அதைத் தூக்கிய அந்த நொடியில் ஆஷியு அவரையே பார்த்தாள். லேயின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

உலைத்தலைவர் ஒரு தரம் கேட்டார். இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டுவிட்டுத் தீப்பந்தத்தை வாங்கத் திரும்பினார்.

"எனக்கு இருக்கு" என்றாள் ஆஷியு.

முற்றமே திரும்பியது. யார் அது என்று ஆணையர் கேட்டார். அந்தத் திருட்டுப்பயலுடைய அக்கா, புத்தி பேதலித்துக் கிடக்கிறாள் என்று லே சிரித்தபடி சொன்னார். குறை என்று வந்துவிட்டால் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று உலைத்தலைவர் பந்தத்தைக் கீழே இறக்கினார். ஆணையர் தலையசைத்தார்.

"என் தம்பி திருடலைங்கய்யா. காணாமப் போன பன்னிரண்டாவது மரக்கால் எங்கயும் போகல. அந்தா சாமி முன்னால இருக்கு, அரிசியோட" என்றாள்.

லே உரக்கச் சிரித்தார். கூட்டத்திலும் நாலு பேர் சிரித்தார்கள். அவர் போய் மரக்காலைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஊதுபத்தி புகைந்தபடியே.

"இதுவா? இது சமையல்கட்டு மரக்கால்ங்கய்யா. போன வருஷம் பூச்சறையில மத்த சாமானோட கெடந்துச்சு. நான்தான் எடுத்து என் கையால சமையல்காரன்கிட்ட குடுத்தேன். அவனையே கேளுங்க."

ஃபாங் கூட்டத்தின் பின்னாலிருந்து, ஐயா கொடுத்ததுதான், அவரேதான் கொடுத்தார் என்றார். அவர் வாழ்க்கையில் பேசிய வீரமான பேச்சு அதுவே. ஆணையரின் நெற்றி சுருங்கியது.

"சுண்டிப் பாருங்கய்யா" என்றாள் ஆஷியு. "உங்க நகத்துக்குத்தான் எல்லாம் தெரியுமே."

லே சுண்டினார். விளிம்பு வரை அரிசி அடைத்த பாத்திரம், கட்டை போல மொத்தென்று ஒலித்தது. எந்தப் பீங்கானும் அப்படித்தான் ஒலிக்கும், அரிசியை அடைத்தால். கேட்டீங்களா என்பது போல லே நாலு பக்கமும் பார்த்தார். இப்போது முற்றம் முழுக்கச் சிரித்தது. ஆஷியு சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்தாள்.

"மரம்தான்னா கீழ போட்டா ஒடையாதே. போடுங்களேன். சாமி முன்னால என்னைப் பொய்க்காரியாக்கிடுங்க. உங்களுக்கே சந்தேகமா இருந்தா வேணாம்."

ஆணையர் பொறு என்று கையை உயர்த்தினார். லேயின் கைகளும் ஒரு கணம் நின்றன. அந்தக் கணத்தில் விரலுக்குக் கனம் தெரிந்திருக்கும், குளிர்ச்சி தெரிந்திருக்கும். ஆஷியு அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் சந்தேகம் வந்து போனதைப் பார்த்தாள். ஆனால் குனிந்து விளிம்பை உற்றுப் பார்த்தால் இருநூறு பேரும் பார்ப்பார்கள். தன்னுடைய வித்தை என்று அரண்மனைக்கு எழுதிக்கொடுத்தவர் தன்னுடைய பாத்திரத்தையே தெரியாமல் நிற்பதை ஆணையர் பார்ப்பார். லே பல்லைக் கடித்துக்கொண்டு அதை அவள் காலடியில், வாசற்படிக் கல்லின் மேல் ஓங்கி அடித்தார்.

வெடித்த ஓசை மலை வரை போய்த் திரும்பியது. அரிசி நாலாபக்கமும் சிதறியது, அரிசியோடு சேர்ந்து அதைவிட வெள்ளையான சில்லுகளும். வெளிப்பக்கம் மரம், உடைந்த விளிம்பெல்லாம் பால்வெள்ளை. தம்பியின் கணு இரண்டு துண்டாக ஆஷியுவின் செருப்பருகே கிடந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் லே முன்னால் அழ அவள் தயாராக இல்லை.

ஆணையர் தானே வந்து குனிந்து ஒரு சில்லை எடுத்தார். உடைந்த பக்கத்தைப் பார்த்தார், திருப்பி மரவரியைப் பார்த்தார். எங்கே இருந்ததென்றாய் என்று லேயிடம் மெதுவாகக் கேட்டார். லே மண்டியிட்டார். பிறகு தீர்ப்பு சுருக்கமாக வந்தது. பேரரசரின் பாத்திரத்தைச் சமையல்கட்டுக்குத் தள்ளியதற்கும் உடைத்ததற்கும் நாற்பது அடி, பதவி பறிப்பு. தன்னுடைய வித்தை என்று எழுதிக்கொடுத்தவர் ஒரு வருஷத்துக்குள் பன்னிரண்டாவதை அதேபோலச் செய்து தர வேண்டும், தவறினால் காலில் சங்கிலி பூட்டி வடக்கு எல்லைக்கு அனுப்பப்படுவார்.

"அந்த ஓவியக்காரன் மேல குத்தமில்ல. ஓடிப்போனவனைத் தேடிக் கூட்டிட்டு வாங்க. நாளையிலேர்ந்து வேலைக்கு வரட்டும்" என்றார் ஆணையர்.

"அவன் ஓடலங்கய்யா. அடிச்ச நாலாம் நாளே செத்துட்டான்" என்றாள் ஆஷியு.

ஆணையர் அவளைப் பார்த்தார், லேயைப் பார்த்தார். பதிவில் அப்படி இல்லையே என்று சொன்னார். பதிவைத் திருத்தி எழுதச் சொன்னார். உடைந்த பாத்திரத்துக்கு நாற்பது அடி, செத்த மனிதனுக்கு ஒரு வரி. ஆஷியு அதையும் மனசில் குறித்துக்கொண்டாள்.

அன்றைக்கு மத்தியானம் அதே முற்றத்தில் லே குப்புறக் கிடந்தார். அவள் வெளிச்சுவரோரம் நின்று எண்ணினாள். அவர் முதல் அடிக்கே கத்தினார், நாற்பதாவதுக்கும் கத்தினார். அடித்தவன் கை கொஞ்சம் இளகியிருந்ததோ என்னவோ, நல்ல மருந்தும் கிடைத்தது, லே பிழைத்துக்கொண்டார். இடது கால்தான் நேராகவில்லை. நான்காம் நாள் ஆஷியு அவர் வீட்டு வாசல் வரை போய்ப் பார்த்தாள். சாவு வீட்டில் கட்டுகிற வெள்ளைத் துணி எதுவும் தொங்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கணக்கு தீரவில்லை என்று அவளுக்குப் பட்டது.

இரண்டு மாதம் கழித்து லே தடியூன்றிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். பட்டறையின் ஓவியர்கள் அத்தனை பேரையும் வைத்துப் பார்த்துவிட்டாராம், மரம் வரவில்லையாம். வருகிறது, ஆனால் மரம் வரைந்த பீங்கானாக வருகிறதாம். வாசலில் நின்று நீ, வா என்று பேசத் தொடங்கியவர், அவள் எழுந்திருக்காமல் அரைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து அம்மா என்றார்.

"அவனுக்கு அரைச்சது நீங்கதானேம்மா. என்னென்ன சேத்தான்னு சொன்னீங்கன்னா நான் பொழச்சுப்பேன்."

"தெருவுல நின்னு போச்சின் திருடலன்னு சொல்லுங்க. கடைசி வீடு வரைக்கும் கேக்கணும்" என்றாள்.

அவர் சொன்னார். முதல் தரம் குரல் எழும்பவில்லை. அவள் கேட்கவில்லை என்றாள். மூன்றாம் தரம் சொன்னபோது எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். நான்தான் தெரியாமல் தூக்கிப் போட்டேன் என்றும் அவராகவே சேர்த்துச் சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். ஆஷியு குழவியை நிறுத்தினாள். இரும்புச் செந்தூரம் எவ்வளவு, ஈயவெள்ளை எவ்வளவு, வெடிப்புக் கறுப்பை எந்தக் கல்லில் அரைப்பது, எத்தனை நாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எழுதிக்கொள்ளவும் விட்டாள். பொய்யாக ஒரு குன்றிமணி எடைகூட மாற்றிச் சொல்லவில்லை. தெருவில் எல்லாரும் அவளுடைய பெரிய மனசைப் பாராட்டினார்கள்.

அவர் கேட்டது நிறம். அவள் சொன்னதும் நிறம். வரைந்த ஈரம் காய்வதற்குள் போச்சின் முரட்டு நார்த்துணியை அதன் மேல் ஒற்றி எடுப்பான், அதில்தான் பளபளப்பு செத்துக் கோடுகள் மரத்துக்குள் இறங்கும் என்பதை அவர் கேட்கவில்லை. அந்தத் துணியைத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

கோடையில் நான்கு உலை, இலையுதிர் காலத்தில் ஐந்து. ஒவ்வொரு தரமும் உலை பிரிக்கும்போது ஆஷியு வாசற்படிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். பாத்திரம் வெளியே வரும், வெயிலில் பளபளவென்று மின்னும், லேயின் தோள் தொங்கிப்போகும். ஒருநாள் நொண்டிக்கொண்டே அவளிடம் வந்து ஏதோ ஒன்று குறைகிறது என்றார். நிறம் தப்பா என்று கேட்டாள். நிறம் சரி என்றார். அப்படியானால் நான் சொன்னதில் குறையில்லையே என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

குளிர்காலத்தில் லேயின் மனைவி ஒரு கூடை வாத்து முட்டையோடு வந்தாள். சின்ன உருவம், கூச்ச சுபாவம், இந்த வம்பு எதிலும் சேராத பெண். அவரோடு நானும்தானே எல்லைக்குப் போக வேண்டும், பனியில் எனக்கு மூச்சு இழுக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆஷியுவுக்கு வாய்வரை வந்துவிட்டது. துணி என்ற ஒரே சொல், அதைச் சொன்னால் போதும். உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள், தம்பி குப்புறக் கிடந்த கட்டில் அங்கேதான் இருந்தது. முட்டையைத் திருப்பிக் கொடுத்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன் அம்மா என்று முதல் பொய்யைச் சொன்னாள். அது அவளை இரண்டு நாள் உறுத்தியது. மூன்றாம் நாள் உறுத்தவில்லை.

வசந்தத்தில் ஆணையர் மறுபடி வந்தார். லேயின் கடைசி மரக்காலைக் கையில் வாங்கிப் பார்த்தார், அழகாக இருக்கிறது என்றார், பீங்கான் என்று பத்தடி தூரத்திலேயே தெரிகிறது என்றும் சொன்னார். கீழே வைத்துவிட்டார். ஆஷியுவைக் கூப்பிட்டுத் தம்பியின் வேலை அவளுக்கு வருமா என்று கேட்டார், வருமென்றால் பட்டறையில் இடமும் வீடும் தருவதாகச் சொன்னார். நான் அரைக்கிறவள் மட்டும்தான் ஐயா என்றாள். பேரரசரின் பதினொன்று பதினொன்றாகவே நின்றுவிட்டன.

சங்கிலி பூட்டிய லேயை ஆற்றங்கரை வழியாக நடத்திக்கொண்டு போனார்கள். கால் இழுத்தது, மனைவி பின்னால் மூட்டையோடு நடந்தாள். கூட்டத்தில் ஆஷியுவைப் பார்த்ததும் அவர் நின்றார்.

"ஒண்ண மறச்சுட்ட. உனக்குத் தெரியும், இல்ல?" என்றார்.

"தெரியும்" என்றாள்.

காவலன் சங்கிலியை இழுத்தான். அவர்கள் வளைவைத் தாண்டி மறையும் வரை நின்று பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். அந்த நார்த்துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து அடுப்பில் வைத்து, அந்தத் தீயிலேயே சோற்றுக்கு உலை ஏற்றினாள். ஒன்றரை வருஷமாகப் பாதிக் கிண்ணத்துக்கு மேல் இறங்காத தொண்டை அவளுடையது. அன்றைக்கு இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள்.